எஸ்டேட் அக்கா தொடக் கூடாத கிறிஸ்துமஸ்

டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் முதலாளி கொச்சிக்குப் போகாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த வேலையே வந்திருக்காது. அங்கே ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்குக் கிறிஸ்துமஸ் விழா ஏற்பாடு நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து, "நம்மளும் வைக்கணும்மா. இருபத்தி நாலாந்தேதி மத்தியானம். நீங்க பாத்துக்கங்க" என்றார். தேனியில் எங்கள் ஏலக்காய்க் கம்பெனியின் ஆபீஸ் பொறுப்பு என்னுடையது. பாத்துக்கங்க என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டியல் போடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நட்சத்திரம், குடில், கேக், கிறிஸ்துமஸ் தாத்தா, கோழி பிரியாணி என்று அரை மணி நேரத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எஸ்டேட் அக்கா' என்று போட்டுவிட்டேன். காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் நாற்பது பெண்களில் அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். மேகமலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அந்தப் பெயர்.

பட்டியலை நீட்டினேன். அக்கா முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்கு இந்த வருசம் பண்டிகை இல்ல மேடம். ஆத்தா போயிருச்சுல்ல."

ஆடி மாதம் அந்தச் சாவுக்கு மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தவளே நான்தான். எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

"எங்க லயத்துக் குடில்ல பாலன் ஏசு சுரூபத்த வருசா வருசம் ஆத்தாதான் வைக்கும். இனி வேற யாரும் வைக்கிறதப் பாக்க என்னால ஆகாது. இங்கனயும் வேணாம், அங்கனயும் வேணாம். நீங்க நடத்துங்க, நான் பாட்டுக்குக் காயப் பொறுக்குறேன்."

விழாவே வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லக் கிளம்பினேன். பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஜெயமங்கலத்து அக்கா எழுந்து வந்து மறித்தார். யாரும் கூப்பிடாமலே பஞ்சாயத்துக்கு வருகிற ஆள்.

"நில்லுங்க மேடம். துக்க வீட்டுக்காரவுக அடுப்புல எண்ணெச்சட்டி வைக்கக் கூடாது, அம்புட்டுத்தான். அடுத்தவுக சுட்டுக் கொண்டாந்தா வாங்கிக்கிறணும். எங்க மாமனாரு செத்த வருசம் தீவாளிக்கு முறுக்கு சுட்டுக் கொண்டாந்தது யாரு? இவதான? இப்ப எங்க மொற."

எஸ்டேட் அக்கா மறுபடி முறத்தைப் புடைக்க ஆரம்பித்தார். தீர்ப்பு இதுதான்: விழா உண்டு, அவர் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடக் கூடாது.

அப்புறம்தான் தெரிந்தது, மற்ற யாருக்கும் ஒன்றுமே தெரியாது என்று. முதலில் பிரியாணி போனது. "சாமி, இங்கன பாதி ஆம்பளைக சபரிமலைக்கு மாலை போட்டிருக்கோம்" என்றார் லாரி டிரைவர். தக்காளிச் சாதம் ஆயிற்று. அவருக்கு விரதத் தாடி அடர்த்தியாக வளர்ந்திருந்ததால் தாத்தா வேஷம் கேட்டேன். "தாடி தாரேன் சாமி, செவப்புச் சட்டை மட்டும் போட மாட்டேன்." ஆக எங்கள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கறுப்பு வேட்டி, கறுப்புத் தாடி, கழுத்தில் துளசி மாலை. குடிலுக்குக் கொஞ்சம் பச்சை வேண்டும் என்று வாய் தவறிச் சொன்னேன். ஜெயமங்கலத்து அக்கா மாரியம்மன் திருவிழாவுக்குப் போடுவதுபோல முளைப்பாரியே போட்டுவிட்டார்.

பாட்டுக்குத்தான் வழியில்லை. "பிள்ள பொறக்குற விசேசந்தான? குலவை போட்டாப் போச்சு" என்றார் அவர்.

நான் எகிறினேன். "இது கோயில் திருவிழா இல்லக்கா. எஸ்டேட் அக்கா மனசு சங்கடப்படும். குலவைச் சத்தமே வரக் கூடாது." என் பக்குவத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இருபத்தி நாலாம் தேதி மத்தியானம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தூக்குவாளியில் அதிரசமும் முறுக்கும் வந்து இறங்கின. எஸ்டேட் அக்கா சொன்னபடியே ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளுக்கு முன் நாங்கள் கட்டிய நட்சத்திரத்தை மட்டும் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

குழந்தை இயேசுவைக் குடிலில் வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முளைப்பாரிக்கு நடுவே சுரூபத்தை வைத்தேன், குப்புறச் சாய்ந்தது. நிமிர்த்தினேன், மறுபடியும் சாய்ந்தது. முதலாளி தொண்டையைச் செருமினார். நான் போட்ட உத்தரவால் மற்றப் பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"குடுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எஸ்டேட் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சுரூபத்தை வாங்கினார். முளைகளை விலக்கி, கொஞ்சம் வைக்கோலைச் சுருட்டித் தலைமாட்டில் முட்டுக் கொடுத்துப் படுக்க வைத்தார். "ஆத்தா இப்பிடித்தான் வைக்கும். தலைய ஒசத்தி" என்றார். சுரூபத்தின் மேல் ஒட்டியிருந்த வைக்கோல் துணுக்கைக் குனிந்து ஊதித் தள்ளினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீக? பிள்ள பொறந்திருக்கு. குலவை போடுங்கடி!"

ஜெயமங்கலத்து அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முதல் குலவை எழும்பிவிட்டது. அது எஸ்டேட் அக்காவின் குலவை. மற்றப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொள்ள, தகரக் கூரை அதிர்ந்தது. கறுப்பு வேட்டித் தாத்தா பழக்க தோஷத்தில் "சாமியே!" என்று கூவிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எஸ்டேட் அக்கா ஒரு அதிரசத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்தார்.

"மொதல்ல அந்த ஸ்டாரத் திருப்பிக் கட்டுவோம். தலகீழாத் தொங்குது. ரெண்டு நாளா எனக்குக் கண்ணு உறுத்துது."