மைக்கில் நான் சொன்ன பெயர்

பிரியமானவர்களே, என் வீட்டுக்காரர் பிழைப்பார் என்று அன்றைக்கு நான் நம்பவில்லை. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அவர் கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. நாங்கள் போயிருந்த மலை ஊரில் இருந்தது ஒரே ஒரு ஜீப். அந்த ஜீப்காரரை நான்தான் ஊரறிய அவமானப்படுத்தி வைத்திருந்தேன்.

என் பெயர் எஸ்தர். கள்ளக்குறிச்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சாமுவேல் ஊழியம் செய்கிறார். ஆறு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் பஸ் ஏறி வெள்ளிமலையில் இறங்குவோம். அங்கிருந்து உள்ளே இருக்கிற ஒரு சின்ன ஊருக்கு நடந்துபோய் ஜெபக்கூட்டம் நடத்துவோம். ஒரு தகரக் கொட்டகை, பத்துப் பன்னிரண்டு பேர், பேட்டரியில் ஓடும் ஒரு மைக் செட்டு, வெளியே மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். எங்கள் சபை அவ்வளவுதான்.

அந்த ஊரில் சடையன் என்பவர் சாராயம் காய்ச்சினார். இப்போது மரியாதையாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு அவர் 'அவன்'தான். அவர் மனைவி பொன்னி எங்கள் கூட்டத்துக்கு வருவாள். என் கூடப்பிறந்த அண்ணன் சாராயத்தால் செத்தவன். அதனால் சடையனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேரில் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நானோ நம்மைப் போன்ற விசுவாசிகளுக்குக் கைவந்த வேறொரு வழியைப் பிடித்தேன். ஜெபத்தில் திட்டினேன். "ஆண்டவரே, சடையனுடைய பானைகளை உடைத்துப்போடும், சடையனை வெட்கப்படுத்தும்" என்று கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் கதறுவேன். ஸ்பீக்கரோ அவர் வீட்டைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. நேரில் திட்டினால் சண்டை, ஜெபத்தில் திட்டினால் அடுத்தவன் ஆத்துமா மேல் உள்ள அக்கறை, ஆத்தும பாரம் என்று நாம் சொல்லிக்கொள்வோம், இல்லையா?

நான்கு சனிக்கிழமை இப்படிப் போனது. பொன்னி கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ஐந்தாவது சனிக்கிழமை, ஐப்பசி மாதம். இரண்டு நாள் பெய்த மழை அன்று காலையில்தான் விட்டிருந்தது. கூட்டம் தொடங்கும் முன்னால் என் வீட்டுக்காரர் சொன்னார்: "எஸ்தரு, போதும் வுடு. அந்தாளு பேர இனிமே மைக்குல சொல்லாத. ஸ்பீக்கரையும் வேற பக்கம் திருப்பி வெச்சிடறேன்."

"இன்னாங்க, சாராயக்காரனுக்குப் பயந்துக்கினு ஊழியம் பண்ணச் சொல்றீங்களா?"

"பயம் இல்லம்மா. பொன்னி இன்னா பாவம் பண்ணுச்சி?"

அந்தக் கேள்வியால் கோபம் ஜாஸ்தியானது. வேண்டுமென்றே மைக்கை ஆன் செய்தேன். அவர் ஸ்பீக்கரைத் திருப்ப மரத்தடிக்குப் போனார். அங்கே மரவள்ளிச் செடிகள் மழையில் சாய்ந்து தரையை மூடிக் கிடந்தன. கயிற்றை அவிழ்க்கக் கையைத் தூக்கியிருப்பார். "இயேசப்பா!" என்று அவர் கத்தியது கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாம்பு செடிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நான்கு பெண்கள் சேர்ந்து அவரைக் கொட்டகைக்குள் தூக்கி வந்து கிடத்தினோம். ஆண்கள் எல்லோரும் கரும்பு வெட்டக் கீழே போயிருந்தார்கள். போனில் டவர் இல்லை. வெள்ளிமலைக்கு ஆறு கிலோமீட்டர். கால் கண்முன்னே வீங்கிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"யக்கா, சடையன் வூட்ல ஜீப்பு நிக்குது. போய்க் கேளுங்க" என்றாள் ஒருத்தி.

நான் போகவில்லை. ஆமாம், போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்? என் வீட்டுக்காரர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். "ஆண்டவரே, பாம்பு கடித்துவிட்டது, யாரையாவது அனுப்பும்! சடையன் வேண்டாம், அவன் வரமாட்டான். வேறே யாரையாவது அனுப்பும்!" இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். புருஷன் சாகக் கிடக்கும்போதுகூட என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஜீப் சத்தம் கேட்டது. "ஸ்தோத்திரம்!" என்று எழுந்தேன். கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்தவர் சடையன். பின்னால் பொன்னி, கையில் கோடாலியோடு.

"வேற யாரும் இல்லம்மா, நான்தான் இருக்கேன்" என்றார். "காலைப் புடிங்க, ஏத்தலாம்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மைக் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரரால் திருப்ப முடியாமல் போன ஸ்பீக்கர், நான் அழுத ஒவ்வொரு வார்த்தையையும் சடையன் வீட்டுக்குள் கொண்டுபோயிருந்தது. 'சடையன் வேண்டாம்' என்றதையும் சேர்த்து.

பாதி வழியில் ஒரு மரம் ரோட்டில் விழுந்து கிடந்தது. சடையனும் பொன்னியும் மாற்றி மாற்றி வெட்டினார்கள். என் புடவையெல்லாம் ரத்தம். "எஸ்தரு, கண்ணு மங்குது" என்றார் என் வீட்டுக்காரர். "சார், பேசிக்கினே இருங்க, கண்ண மூடாதீங்க!" என்று வெட்டிக்கொண்டே சடையன் கத்தினார். எனக்கு ஜெபம் வரவில்லை. "மன்னிச்சிடு, மன்னிச்சிடு" என்று மட்டும் வாய் முணுமுணுத்தது. ஆண்டவரிடம் சொன்னேனா, சடையனிடம் சொன்னேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் உடனே மருந்து ஏற்றி, ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார்கள். எட்டு நாள் படுக்கையில் இருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கர்த்தர் அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் கோலூன்றி மலை ஏறிய முதல் சனிக்கிழமை, நான் மைக்கைக் கையில் எடுத்தேன். "சடையண்ணா, இதே மைக்குல உங்க பேரச் சொல்லி அசிங்கப்படுத்தினேன். இதே மைக்குல மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன். சடையண்ணன் வீட்டிலிருந்து குரல் வந்தது: "கேட்டுச்சிம்மா! ஸ்பீக்கர கொஞ்சம் அந்தாண்ட திருப்புங்க, கொயந்த தூங்குது!"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். நானே போய்த் திருப்பிக் கட்டினேன்.

அவர் காய்ச்சுவதை விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. என் அண்ணன் செத்த கதையை அவர் வீட்டில் உட்கார்ந்து நேரில் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டார். பொன்னி மறுபடியும் கூட்டத்துக்கு வருகிறாள். சடையண்ணனுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன், மைக் இல்லாமல்.

நீங்களும் ஆபத்தில் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். அவர் கட்டாயம் ஆள் அனுப்புவார். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் வேண்டாம் என்று கத்திய அந்த ஒரு மனிதர் வந்ததால்தான், என் வீட்டுக்காரர் இதோ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.