மீன் சந்தைக்கு மேலே படித்த வக்கீல்

அந்த வக்கீல் அலுவலகத்துக்கு வேலை கேட்டு நான்கு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் பெயர்போன சட்டக் கல்லூரிப் பிள்ளைகள். நான்காவது ஆள் நம்ம டைப்பிஸ்ட் அக்கா. வயது நாற்பத்தொன்று. பகலெல்லாம் கோர்ட்டு வாசலில் மனு தட்டச்சு செய்து, சாயங்காலம் மீன் சந்தைக்கு மேல்மாடியில் நடக்கும் கல்லூரியில் படித்து, வக்கீலாகப் பதிவும் செய்தவள். கல்லூரிப் பெயரைக் கேட்டதுமே ஏழு அலுவலகங்கள் "சொல்லி அனுப்புறோம்" என்று கைகழுவிவிட்டன. அடேயப்பா, கல்லூரி வாசல் பலகையா வாதாடப் போகிறது? இதுவும் போனால் பழையபடி கோர்ட்டு வாசல்தான் கதி.

சீனியர் நால்வருக்கும் ஒரே வழக்குக் கட்டின் பிரதியைக் கொடுத்தார். "கீழ்க்கோர்ட்டுல தோத்துட்டோம். அடுத்த வாரம் அப்பீல் போடணும். எப்படிப் போகலாம், சொல்லுங்க."

பிள்ளைகள் மூவரும் வெளுத்து வாங்கினார்கள். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே பேசினார்கள். அக்காவோ கட்டை வாங்கியதும் தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். பதினைந்து வருஷப் பழக்கம். தேதியெல்லாம் அங்கேதான் இருக்கும். விரல்விட்டு எண்ணியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், அடுத்த வாரம் இல்லை. இன்னிக்குத்தான் கடைசி நாள்."

குமாஸ்தா சிரித்தார். "நகல் வாங்கின தேதியிலேருந்து எண்ணியிருக்கோம்மா."

"வாங்கின தேதி செல்லாதுங்க. தயாரான தேதிதான் கணக்கு. நீங்க வாங்குறதுக்கு ஆறு நாள் முன்னாடியே நகல் தயாராகிக் கிடந்திருக்கு. நீங்கதான் போய் வாங்கலை."

சீனியர் கட்டைப் பிடுங்கிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. மணி இரண்டு. இது தெரியாமல் இருந்திருந்தால் கட்சிக்காரரின் வீடே கைவிட்டுப் போயிருக்கும்! பிள்ளைகள் சட்டக் காரணங்களைச் சொல்லச் சொல்ல, அக்கா அப்பீல் மனுவைத் தட்டச்சில் அடித்துத் தள்ளினாள். கடைசிப் பக்கம் வந்ததும் சீனியர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என் பேருக்குக் கீழே உங்க பேரையும் அடிங்கம்மா. நாளையிலேருந்து இங்கதான் உங்களுக்கு வேலை."

எத்தனை ஆயிரம் வக்கீல்களின் பெயரை அடித்த கை! தன் பெயருக்கு மட்டும் எழுத்தைத் தேடித் தேடி அடித்தது. சந்தோஷக் கண்ணீர் கண்ணை மறைத்தால் பாவம் என்ன செய்யும்?

கோர்ட்டில் மனு வாங்கும் கவுண்டர் மூடப் பத்து நிமிஷம் இருக்கையில் போய் நின்றாள். வருஷக்கணக்காகப் பார்த்த முகம் என்பதால் உள்ளே இருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"வக்கீல் வரலையாக்கா?"

"வந்தாச்சு தம்பி. வாங்கிக்கோங்க."