மூன்று துண்டுகளோடு தேக்கடிக்கு

முதுமலையா, தேக்கடியா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் ரகளை நடந்தது. காலாண்டு லீவில் இரண்டு நாள் காட்டுக்குப் போய் வரலாம் என்று ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். லீவு கிடைத்தால் ஃபேனைப் போட்டுக்கொண்டு குப்புறப் படுக்கிற ஆள். அவராகவே ஊர் சுற்றக் கூப்பிட்டால் அதில் ஏதோ உள்குத்து இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

உள்குத்து என் துண்டு.

எங்கள் வீடு திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் போகிற சாலையில் ஒரு சந்தில் இருக்கிறது. வடக்கே வரிசையாக ஆலைகள். ஒரு மார்கழியில் அவற்றில் ஒன்றின் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். கண் எரிந்தது, தொண்டையை யாரோ பிடித்து அமுக்கியதுபோல் இருந்தது. "துணியை நனைச்சி மூஞ்சில கட்டுங்க" என்று யாரோ கத்தினார்கள். குடத்துத் தண்ணீரில் துண்டை முக்கி மகளின் முகத்தில் அழுத்திக்கொண்டு, நைட்டியோடு, செருப்பில்லாமல் ஓடினேன். சந்தே ஓடியது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினோம். நுரையீரலில் ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். பயப்படாமல் இருப்பதற்கு அவர் மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை.

அன்றிலிருந்து படுக்கப் போகும் முன் மூன்று துண்டுகளை வாளியில் நனைத்துப் பிழிந்து கட்டில் கம்பியில் போடுவேன். ஆளுக்கு ஒன்று. ஜன்னலோரம் நான்தான் படுப்பேன். முதலில் என் மூக்குக்குத் தெரிந்தால் மற்ற இரண்டு பேரையும் எழுப்பிவிடலாம் என்ற கணக்கு. நான் சும்மாவும் எழுப்பியிருக்கிறேன். ஒருமுறை கார்ப்பரேஷன்காரர்கள் கால்வாய் ஓரம் ப்ளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போயிருக்க, நான் போட்ட சத்தத்தில் சந்து முழுக்க ரோட்டுக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகு டீக்கடையில் என் வீட்டுக்காரரைப் பார்த்தால், "இன்னா மாமு, இன்னிக்கு கேஸ் வர்லியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அது அவருக்குப் பெரிய பேஜாராகிவிட்டது.

"ரெண்டு நாளு நல்ல காத்த இஸ்துகினு வந்தா, உன் மண்டைல கீற கேஸெல்லாம் பூடும். ஆனா ஒண்ணு, வூட்டுக்கு வந்தப்பறம் துண்டு கிண்டுன்னு ஆரம்பிக்கக் கூடாது. சரியா?" என்றார்.

வேறு நேரமாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். நான் சரி என்றேன். காரணம் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்து லேபில் யாரோ ஒரு பாட்டிலைத் திறந்தார்களாம். இவள் ஷாலைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெண்ணையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். என்னோடு போகட்டும் என்று நினைத்திருந்த பயம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்காகவாவது துண்டைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்கான தைரியம்தான் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

அவருக்கு முதுமலை. புலி பார்க்க வேண்டும். மொபைலில் புலி வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். மகளும் அப்பா கட்சி. அவள் வகுப்புப் பெண் முதுமலை ரோட்டில் யானைக் குடும்பம் குறுக்கே போவதைப் பார்த்திருக்கிறாள்.

நான் டோல்கேட்டில் ஒரு மளிகை மொத்தக் கடையில் பில் போடுகிறேன். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. கல்லாவில் உட்கார்ந்தபடியே நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "முதுமலைக்கா? அங்க போயி என்னத்தப் பாக்கப் போறீய? தேக்கடிக்குப் போங்கம்மா. கம்பத்துல நம்ம மச்சினன் திராட்ச யாவாரம் பண்ணுதான். அங்கேருந்து மலை ஏறுனா தேக்கடிதான். போட்டுல உக்காந்துக்கிட்டே யானையப் பாக்கலாம்லா" என்றார்.

போட் என்றதும் என் காது நிமிர்ந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் விசாரணையை ஆரம்பித்தேன். "முதுமலைல மிருகத்த எப்டி காட்டுவாங்கோ?"

"வேன்ல இட்டுகினு போவாங்கோ."

"எறங்கலாமா?"

"எறங்கக் கூடாது."

"கதவயாவது தொறக்கலாமா?"

"இன்னாத்துக்கு? புலி ஏறி உக்கார்றதுக்கா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கக் கூடாத வண்டி, திறக்கக் கூடாத கதவு, ஒற்றைப் பாதை. ஏதாவது ஒன்று ஆனால் எந்தப் பக்கம் ஓடுவது? தேக்கடியில் ஏரி. அமோனியா தண்ணீரில் கரைந்துவிடும், அதனால்தான் ஈரத்துணி என்று கசிவுக்குப் பிறகு நடந்த முகாமில் சொல்லியிருந்தார்கள். என் சீட்டுக்குக் கீழேயே ஓர் ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும் என்றால் எனக்கு வேறு என்ன வேண்டும்? இந்தியாவில் லட்சம் பேர் அந்தக் காட்டைப் பார்க்கப் போயிருப்பார்கள். துண்டு நனைக்க வசதியாக இருக்கும் என்று தேர்ந்தெடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"எனக்கு போட்டுல போவணும்னு ஆசையா கீது" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் ஆசை என்ற வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. "சரி வுடு, புலி எங்க போய்டப் போவுது" என்று மொபைலை மூடி வைத்தார். பாவமாகத்தான் இருந்தது.

பையின் அடியில், முறுக்குப் பொட்டலத்துக்குக் கீழே, மூன்று துண்டுகளையும் மடித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதானே கூடாது என்றார்.

பஸ்ஸில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து குமுளியில் இறங்கினோம். ஒரு லாட்ஜில் பையைப் போட்டு, அன்றைக்கு ஏலக்காய்க் கடைகளைச் சுற்றிப் பார்த்து, மறுநாள் காலை முதல் போட்டுக்குப் போய்விட்டோம். எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட் மாட்டினார்கள். கீழ்த்தட்டில் ஓரத்து சீட் கிடைத்தது. என் மடியில் பை. தண்ணீரைப் பார்த்தேன், நிறைய இருந்தது. நிம்மதியாக இருந்தது.

போட் கொஞ்ச தூரம் போயிருக்கும். ஏரியின் வளைவில் திரும்பியபோது எதிர்க்கரையிலிருந்து அது வந்தது. வெள்ளையாக, தண்ணீரை ஒட்டியபடி, சத்தமில்லாமல். தண்ணீருக்குள் கறுப்பாக நின்ற பட்டமரங்கள் ஒவ்வொன்றாக அதற்குள் காணாமல் போயின.

என் கை யோசிக்கவில்லை. பையைக் கவிழ்த்து, துண்டுகளை எடுத்து, வாட்டர் பாட்டிலை அவற்றின் மேல் கொட்டினேன். எட்டிக்கூடத் தொட முடியாத பள்ளத்தில் ஏரி இருந்தது. அதை நம்பி வந்திருந்தேன் நான்! ஒன்றை மகள் முகத்தில் அழுத்தினேன். அவள் ஏன் என்று கேட்காமல் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை அவரிடம் வீசினேன். சீட்டுகளிலெல்லாம் முறுக்கு சிதறிக் கிடந்தது. ஒரு குழந்தை எங்களைப் பார்த்து அழ ஆரம்பித்தது. போட்டில் வேலை செய்கிறவர் ஒருவர் பிளாஸ்டிக் கவரோடு ஓடி வந்து, "சேச்சி, வாந்தி வருதா?" என்றார்.

வெள்ளை எங்கள் மேல் வந்து கவிந்தது. முகத்தில் ஜில்லென்று பட்டது. கண் எரியவில்லை.

துண்டின் ஒரு ஓரத்தைத் தூக்கி, கொஞ்சமாக, கடன் வாங்குவதுபோல் மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். எந்த வாசனையும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கண்ணைக் கட்டி எங்கே விட்டாலும் மூக்கு இடத்தைச் சொல்லிவிடும். காசிமேடு என்றால் மீன், டோல்கேட் என்றால் டீசலும் வெங்காயமும், அதற்கு மேலே போனால் தொண்டையில் ஒரு புளிப்பு. இங்கே காற்று எதையுமே சொல்லவில்லை. காற்றுக்கு இப்படி வெறும் காற்றாக இருக்கத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. துண்டை எடுத்துவிட்டேன். வாயைத் திறந்து, வெட்கமில்லாமல், நெஞ்சு விரிகிற மட்டும் இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பனிடீ. வெறும் பனி. மோந்து பாரு" என்று மகளின் முடிச்சை அவிழ்த்தேன்.

அவள் சந்தேகமாக மூக்கைச் சுளித்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். "ஒண்ணுமே இல்லமா" என்றாள், பயப்படுகிற மாதிரி.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். டீக்கடையில் என்னால் மானம் போனதாகப் புலம்புகிற மனிதர், துண்டை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் தெரிந்தது. அந்த மார்கழியில் பார்த்த அதே கண். நான் அவர் கையை மெல்ல விலக்கினேன். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

பனி விலகியது. விலகிய இடத்தில் காடு இருந்தது. கரையிலிருந்து வானம் வரைக்கும் பச்சை. நான் கூப்பிடாமலே கை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. புல்சரிவில் யானைகள் நின்றிருந்தன. குட்டி ஒன்று தாயின் காலுக்கு நடுவே நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. அழுத குழந்தைகூட வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இப்படி ஓர் இடம் தினமும் விடிந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் அங்கே நிலக்கரித் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு காலையிலும் இது இங்கே இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவ்வளவு பெரிதாக இருந்தது.

அடுத்த திருப்பத்தில் மிளாக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. பெரிய மான்கள், பழுப்பு நிறம். ஓரத்தில் நின்ற பெண் மிளா திடீரென்று தலையைத் தூக்கியது. மூக்கைக் காட்டுப் பக்கம் நீட்டி, வாலை நிமிர்த்தி, முன்னங்காலால் தரையைத் தட்டியது. பிறகு ஒரு சத்தம் போட்டது, லாரி ஹாரன் கணக்காக. கூட்டம் முழுக்க மேய்ச்சலை விட்டுவிட்டு அது பார்க்கிற பக்கமே பார்த்தது.

"புலியா?" என்று அவர் எழுந்து நின்றார்.

"தெரியாது சேட்டா. எதையோ மோந்திருக்கு. சும்மாவும் கத்தும்" என்றார் பிளாஸ்டிக் கவர்க்காரர்.

காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. மிளாக்கள் ஒவ்வொன்றாகத் தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தன. சத்தம் போட்டது மட்டும் மேயவில்லை. மற்றவை வயிறு நிறையத் தின்றுகொண்டிருக்க, அது மூக்கைத் தூக்கியபடி நின்றது. சும்மா கத்தினாயே என்று எதுவும் அதை முட்டவில்லை.

"நைனா, அது அம்மா மாரியே கீது" என்றாள் மகள்.

வழக்கமாக இதற்கு ஒரு நாள் முழுக்கச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. போட் திரும்புகிற வரைக்கும் அந்த மிளாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். அதன் காது ஒவ்வொன்றாகத் திரும்பித் திரும்பிக் காற்றைக் கேட்டது. அவ்வளவு அழகாக ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்த அன்று சாயங்காலம் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவில் வரும்போதே தொண்டையில் புளிப்பு ஏறியது. மகள் என் கையைப் பிடித்தாள். பையில் இருந்த துண்டுகளை நான் தொடவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன் அல்லவா? வீட்டுக்கு வந்து, சோறு வைத்து, ரசம் தாளித்துச் சாப்பிட்டு முடித்தோம். வாளியின் பக்கமே போகவில்லை. கட்டில் கம்பி வெறுமையாக இருந்தது. ஜன்னலோரம் படுக்கையை உதறினேன். உதறியதையே மறுபடி உதறினேன்.

குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. அவர் மூன்று துண்டுகளையும் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கம்பியில் ஒவ்வொன்றாக உதறிப் போட்டார். ஜன்னலைத் திறந்து வெளியே மூக்கை நீட்டிவிட்டு, "காத்து வடக்காலருந்து வருது" என்றார். பிறகு என் தலையணையை எடுத்துச் சுவர்ப் பக்கம் போட்டார்.

"நீ அங்க படு. ஜன்னலாண்ட இன்னிக்கு நான் படுக்கறேன்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். பால்காரர் மணியடித்த பிறகுதான் எழுந்தேன்.