இறக்கத்தில் போட்ட கட்டை

ஒரு காரின் வெறுங்கூட்டுக்குள் சில மாதங்கள் படுத்துத் தூங்கியிருக்கிறேன். இஞ்சின் இல்லை, கதவு இல்லை, சீட் இல்லை, சக்கரம் இல்லை. தரைத் தகரத்தில் பாதியை வெட்டி எடுத்திருந்ததால் குறுக்கே பலகை போட்டுக்கொள்வேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வராந்தாவிலும், தூத்துக்குடியில் உப்பளக் கொட்டகையிலும் படுத்தவனுக்கு அது நல்ல இடம்தான். சேரன்மகாதேவியைத் தாண்டி, ஆற்றை ஒட்டிய ஊர். லாரியில் கிளீனராக வந்தவன், லாரி பழுதாகி நின்ற பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

கூடு பட்டறைக்காரருடையது. நான் அவரை அண்ணாச்சி என்பேன். ஊரார் வண்டிக்கெல்லாம் டிங்கர் வேலை பார்த்தவர், தனக்கென்று செய்துகொண்டிருந்த ஒரே வண்டி அது. பட்டறை இருந்த இடத்தை உடைமைக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். கூட்டை அண்ணாச்சியின் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீடு அதே தெருவின் மறுகோடியில். தெரு என்றால் தேரோடும் வீதி. கோயில் பக்கம் மேடு, கால்வாய்ப் பக்கம் இறக்கம்.

ஆங்கிள் இரும்பில் இரண்டு சட்டங்கள் பற்றவைத்தோம். பின்சட்டத்துக்கு அடியில் லாரி பேரிங்குகளைச் சக்கரமாக மாட்டினோம். முன்சட்டத்துக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் சக்கரங்கள். இரண்டு சட்டத்தையும் ஒரு குழாயால் இணைத்து, மேலே டயர்த் துண்டுகளைப் பரப்பிக் கூட்டை இறக்கி வைத்தோம். கூட்டின் பின்பக்கத்தைச் சட்டத்தோடு நைலான் கயிறு போட்டுக் கட்டியாயிற்று.

“முன்னாலயும் கட்டிருவமா அண்ணாச்சி?”

“கட்டாத. அங்கன பூரா துரு. கயித்த இறுக்கினா அப்பளமா நொறுங்கும். சும்மா உக்காந்திருக்கட்டும். பைய போனா ஒண்ணும் ஆவாது.”

அவருக்கு ஒரே பயம், கூடு கோணிவிடக் கூடாது என்பது. தரையை வெட்டிய கூடு நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி. ஒரு மூலை இடிபட்டால் கதவுச் சட்டம் முழுக்கத் திருகிக்கொள்ளும். பிறகு எந்தக் கதவும் சாத்தாது.

கிளம்பும்போது அவருடைய மச்சினன் வந்து நின்றார். அண்ணாச்சியின் மனைவிக்குத் தம்பி. கையில் அவருடைய கட்டை இருந்தது.

அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தேர்களுக்குப் பிரேக் கிடையாது. ஆப்பு மாதிரி சீவிய மரக்கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டுத்தான் நிறுத்துவார்கள், திருப்புவார்கள். போடுகிறவர் சக்கரத்தோடு ஒட்டிக் குனிந்தபடி பின்னோக்கியே நகர வேண்டும். ஒரு கணம் முந்திப் போட்டால் தேர் திமிறும், பிந்திப் போட்டால் ஏறிப் போய்விடும். மச்சினன் வாலிபத்திலிருந்து வலது முன்சக்கரத்துக்குக் கட்டை போட்டவர். போன வருஷம் ஒரு கட்டை பிந்திவிட்டது. தேர் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்த வருஷம் கொடியேறியதும், கட்டைக்காரர்களின் மூப்பர் அவரைக் கூப்பிட்டு, “நீ வடத்தப் பிடிச்சுக்கோடே” என்று சொல்லிவிட்டார். வடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிடிப்பார்கள். அன்றிலிருந்து அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு வேறொன்று தெரியும். பட்டறைக்கு டீ வாங்கி வருகிறவன் நான். மச்சினன் மட்டும் கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பார். அப்படியும் டீ விளிம்பில் அலம்பும்.

“கட்ட எதுக்கு மாப்ளே? பின்னால கயிறு பிடிக்க ஆளு இருக்கு” என்றார் அண்ணாச்சி.

“இறக்கம் இருக்குல்லா அத்தான். நான் பாத்துக்கிடுதேன்.”

அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்த்தார். நகர்ந்து வழி விட்டார்.

வாழைத்தார் ஏற்றும் லோடுமேன் இரண்டு பேர் பின்சட்டத்தில் கட்டிய வேறொரு கயிற்றைப் பிடித்தார்கள். அண்ணாச்சி முன்னால் நீட்டிக்கொண்டிருந்த குழாயைப் பிடித்துத் திசை காட்டினார். நான் இடது பக்கம் தோள் கொடுத்தேன். ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிட்டது. வீட்டுக்குள்ளிருந்த பெண்களெல்லாம் வாசலுக்கு வந்தார்கள்.

டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்து, “என்ன அண்ணாச்சி, பாடி எடுத்தாச்சு போல? சங்குக்கு ஆளு சொல்லணுமா வே?” என்றார்.

“ஒமக்குச் சொல்லும்போது சேத்துச் சொல்லுதேன்.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எதிரே வந்த ஒரு கிழவர் சைக்கிளை விட்டு இறங்கி, துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு ஓரமாக நின்றார். பகடிக்குச் செய்ததாகத் தெரியவில்லை. சரியாகப் பார்வை தெரியாதவராக இருக்கலாம்.

தேர் நிலையில் நின்றது. வருஷம் முழுக்க மூடியிருந்த தகரத்தைக் கழற்றியிருந்தார்கள். கட்டைக்காரர்கள் அச்சுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்கள். மூப்பர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இறக்கம் சரியாக அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மச்சினன் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டார். தேர்ச் சக்கரம் ஆளைவிட உயரம். இந்தச் சக்கரம் அவர் உள்ளங்கைக்குள் அடங்கும்.

“யாருக்குலே கட்ட போடுதான் இவன், கொசுவுக்கா?” என்று தேர்ப் பக்கமிருந்து ஒரு குரல். மற்றவர்கள் சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. முக்காலியைத் திருப்பிப் போட்டு எங்களைப் பார்த்து உட்கார்ந்தார்.

கூடு லேசாக முன்னுக்குச் சாய்ந்திருந்தது. டயர்த் துண்டின் மேல் அது மயிரிழை மயிரிழையாக நகருவதை என் தோள் உணர்ந்தது.

“அண்ணாச்சி, நிறுத்தி ஒரு தடவ சரி பண்ணிருவமா?”

“இங்கன நிறுத்தவா? அந்தா தெரியுது வீடு. சவத்த விடாதீங்கலே, பையப் பைய...”

சாக்கடை மூடியில் ஒரு லோடுமேனின் செருப்பு வழுக்கியது. கயிறு தொய்ந்தது. வண்டி கொஞ்சம் வேகமெடுத்தது. கொஞ்சம்தான். இன்னொருவர் காலை ஊன்றிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். தானாக நின்றிருக்கும்.

தேர்ப் பக்கமிருந்து யாரோ பழக்கத்தில் கத்தினார்கள்: “போடு!”

மச்சினன் போட்டார்.

அப்படிக் கட்டை போட்டு நான் பார்த்ததில்லை. கை நடுங்கவில்லை. கட்டை சக்கரத்துக்கு நேராக, நூல் பிடித்த மாதிரி போய் உட்கார்ந்தது. சட்டம் அறைந்தாற்போல் நின்றது. பெருங்கனம் உள்ள தேர் கட்டையில் ஏறி, முனகி, மெல்ல அடங்கும். இது வெறுந்தகரம். சட்டம் நின்றுவிட்டது, மேலே இருந்த கூடு நிற்கவில்லை. பின்பக்கம் கட்டிய நைலான் கயிறு பட்டென்று அறுந்து, கூடு டயர்த் துண்டுகளின் மேல் வழுக்கி, அண்ணாச்சி விலகின இடத்தில் மூக்குக் குத்தி விழுந்தது. பெரிய அண்டாவை மாடியிலிருந்து போட்ட சத்தம்.

தேர்ப் பக்கம் ஒருவன் விசிலடித்தான்.

“பாத்தியாலே! என்னா கை!”

மூப்பர் எழுந்து இறங்கி வந்தார். காரைப் பார்க்கவில்லை. குனிந்து கட்டையை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

“நாளைக்கு வந்துரு. வலது பக்கம்” என்றார்.

மச்சினன் தலையாட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து, கதவுச் சட்டத்தில் மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தார். அதே அளவை எதிர் மூலைகளுக்கும் பிடித்தார். நூல் எட்டவில்லை. நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நல்லா போட்ட மாப்ளே” என்றார்.

பத்துப் பேர் சேர்ந்து கூட்டைத் தூக்கி மறுபடி சட்டத்தில் வைத்து வீட்டு முற்றத்தில் சேர்த்தோம். மச்சினன் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு வாங்கினார். தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். மார்பெல்லாம் சிந்தியது. அவர் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார்.

கை கழுவுகிற இடத்தில் நான் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“அவருக்குக் கை நடுங்குது அண்ணாச்சி. மூப்பருக்குத் தெரியாது போல.”

“எனக்குத் தெரியும். அவன் அக்காளுக்கும் தெரியும்.”

“அப்ப சொல்லிருங்க.”

“நீ சொல்லுதியா? இத்தன நாள் கழிச்சு இன்னைக்குத்தான் தின்னான். அவன் மொகத்தப் பாத்துச் சொல்லு, போ.”

நான் போகவில்லை. அவரும் போகவில்லை.

அன்று கூட்டுக்குள் படுத்தேன். கூரையும் கண்ணாடிச் சட்டமும் சேருகிற இடத்தில் புதிதாக ஒரு பிளவு. கூடு கோணிவிட்டது, பட்டறையும் இல்லை, எனக்கு அங்கே இனி வேலை இல்லை. தேரோட்டம் பார்த்துவிட்டுப் போ என்று அண்ணாச்சியின் மனைவி சொன்னார். இருக்க மனமில்லை.

தேரன்று காலை திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். தெருவின் குறுக்கே வடம் கிடந்ததால் டிரைவர் சந்து வழியாகத் திருப்பினார். திரும்பும்போது தெரிந்தது. வலது முன்சக்கரத்தின் அடியில் மச்சினன் குனிந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, புது வேட்டி. கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மேளம் தொடங்கியது. பஸ் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியது, வயல்களுக்குள் வந்தது. மேளம் பாதியில் நிற்கிறதா, தூரத்தில் தேய்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் பாட்டுப் போட்டுவிட்டார்.