சிவப்பு ஆயில்

கியர் கெட்ட வண்டிகள் கடைசியில் வந்து சேரும் பட்டறை அவனுடையது. இருபது வருஷத் தொழிலில் கியர்பாக்ஸைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. ‘என் தப்பு’ என்று சொல்ல மட்டும் வாய் வராது. நட்டு உடைந்தால் நட்டு மட்டம், ஆயில் ஒழுகினால் வண்டிக்காரன் மட்டம். வடித்த ஆயிலை விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பீப்பாயில் ஊற்றுவான். ஆயில் பொய் சொல்லாது என்பான். அந்த விஷயத்தில் ஆயிலுக்கும் அவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அன்று காலை தங்கை தன் ஆட்டோமேட்டிக் காருக்கு இன்ஜின் ஆயில் மாற்ற வந்தாள். பின்சீட்டில் அவள் கணவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட மனுஷன். பத்து மணிக்கு டயாலிசிஸ். போன வாரம் ஒரு தடவை தவறியதற்கே மூச்சுவிட முடியாமல் படாத பாடு பட்டான்.

“சீக்கிரம்ணா, நேரமாச்சு.”

காருக்கு அடியில் படுத்து நட்டைக் கழற்றினான். வடிந்ததைப் பார்க்காமலே நட்டை முறுக்கி, மேலே நாலு லிட்டர் இன்ஜின் ஆயில் ஊற்றினான். அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்கக்கூட இல்லை. “கிளம்புமா” என்றான்.

கார் போன பிறகுதான் ஆயில் வடிந்த தட்டில் விரலை விட்டான். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் சிவப்பாக இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நட்டில் தப்பானதைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்துவிட்டிருக்கிறான். உள்ளே ஒட்டியிருக்கும் மிச்ச ஆயிலில் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏற்றத்தில் நின்றுவிடும்.

போன் அடித்தான். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாள். கியர் ஆயில் கேன்களைப் பைக்கில் கட்டிக்கொண்டு பறந்தான்.

பாதி ஏற்றத்தில் கார் நின்றிருந்தது. இன்ஜின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. மணி ஒன்பதே முக்கால்.

“கியர்பாக்ஸ் போயிடுச்சாண்ணா? வண்டி பழசு. நான்தான் சரியா கவனிக்கலை” என்றாள் தங்கை.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், உலகமே நம்பும். தலை ஆடத்தான் பார்த்தது. கண்ணாடிக்குள் மாப்பிள்ளையின் வீங்கிய முகம் தெரிந்தது.

“வண்டி மேல தப்பில்லைமா. நான்தான் கியர் ஆயிலை வடிச்சிட்டேன்.”

பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை, “முதல்ல ஊத்துங்க மச்சான். சண்டையை ஆஸ்பத்திரியில வச்சுக்கலாம்” என்றான்.

பழைய ஆயிலோடு புதுசும் சேர்ந்து இன்ஜினில் அதிகமாக இருந்ததை வடித்தான். அவசரத்தில் பாதி தார் ரோட்டில் போனது. புனல் வைத்துக் கியர் ஆயிலை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, கியரை மாற்றி மாற்றிப் போட்டான். முதலில் ஒன்றுமில்லை. மறுபடி ஊற்றினான். ஒரு குலுக்கு. கார் நகர்ந்தது.

பைக்கில் பின்னாலேயே போனான். பத்தேகாலுக்கு நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே மாப்பிள்ளையை உள்ளே அழைத்துப் போனாள். மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு தங்கை வெளியே வந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

“வழியில சத்தம் வித்தியாசமா இருக்கு, நிறுத்துன்னு அவர் சொன்னார்ணா” என்றாள். “அண்ணன் கை வச்ச வண்டி, பேசாம உட்காருங்கன்னு சொல்லிட்டேன்.”