படுத்த எஞ்சினும் ஐந்து மில்லிமீட்டர் பசையும்

2006 ஜூன் 11. 3,84,000 யென்.
2007 செப்டம்பர் 2. 4,12,500 யென்.
2008 அக்டோபர் 19. வாங்கவில்லை.

மூன்றும் ஒரே எஞ்சினுக்கான கூலிக் கணக்கு. ஜப்பானின் நுமாதாவில் பட்டறை வைத்திருந்த கொகுரே யசுஜி அதை வண்டியிலிருந்து மூன்று முறை இறக்கினார். மூன்றாம் முறை அவருக்கு வயது அறுபத்து மூன்று. குனிந்தால் நிமிர ஒரு கை வேண்டியிருந்தது.

அது படுத்த எஞ்சின். நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நிற்காமல் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். எடை தாழ இருப்பதால் வண்டி திருப்பத்தில் தரையைக் கவ்விக்கொண்டு போகும் என்பார்கள் ஓட்டுகிறவர்கள். கொகுரே கழற்றுகிறவர். அவருக்குத் தெரிந்தது வேறு. சிலிண்டர்களை மூடும் ஹெட் இரண்டு, இடையில் வைக்கும் கேஸ்கட் இரண்டு, எல்லாம் இரட்டை வேலை. ஒரு பிளக் மாற்ற, ஹெட்டுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே நான்கு விரற்கடை சந்தில் கையை நுழைக்க வேண்டும். முப்பத்தொரு வருடமாக அவர் விரல் முட்டிகளில் தோல் முழுசாக இருந்ததில்லை. நின்ற எஞ்சினில் ஆயில் தானாக வடிந்துவிடும். இதிலோ ஹெட்டுக்குள் தேங்கி, எந்த மூட்டு இளகியிருக்கிறதென்று பார்த்துக் கசியும்.

"நேரா நிக்கிற எஞ்சினாப் பாருங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்பாள் மனைவி ஃபுமியே. "ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டிட்டு அரை மணிக்குக் கூலி வாங்குறீங்க."

கசிவு அவருக்கு மானக்கேடு. 2003-ல் ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசலில் சொட்டிய ஆயிலை அவரே மண்டியிட்டுத் துடைத்தார். அன்றிலிருந்து, எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பை ஒட்டும்போது, சாம்பல் நிறப் பசையை மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குப் பதில் ஐந்தாக இழுத்தார். வேலைச் சீட்டிலும் '5' என்று எழுதினார். பிறகு எதுவும் கசியவில்லை. 2004-ல் மொதேகி செத்சுவோவின் வண்டிக்கும் அப்படித்தான் ஒட்டினார்.

மொதேகி ஷோவா கிராமத்தில் கொன்யாக்கு கிழங்கு பயிரிடுகிறவர். ஞாயிறுகளில் பந்தயத் தடத்தில் கடிகாரத்தோடு போட்டி போடுவார். 2006-ல் பேரிங் காய்ந்து, எஞ்சின் உள்ளே தட்டத் தொடங்கி, வண்டி லாரியில் வந்தது.

"என்ன மேஸ்திரி, படுத்துருச்சே!"

"பொறந்ததே படுத்துக்கிட்டுத்தானே, மொதேகி-சான்."

சிரித்துவிட்டுக் கொகுரே காரணம் சொன்னார். தடத்தின் கடைசியில் வலப்பக்கமாக வெகுதூரம் வளையும் ஒரு திருப்பம். அங்கே ஆயில் முழுக்க இடப்பக்க ஹெட்டில் போய் ஒதுங்கிவிடும். அடியில் சம்ப் வறண்டு, பேரிங்குக்கு ஆயில் எட்டாது. "அந்தத் திருப்பத்துல மட்டும் ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுத்துருங்க."

மொதேகி எடுத்தார். அடுத்த வருடமும் எஞ்சின் போனது. "இன்னும் கொஞ்சம் முன்னாடியே எடுங்க" என்றார் கொகுரே. அதையும் செய்தார். 2008-ல் தன் பிரிவின் முதலிடத்தை 0.4 வினாடியில் விட்டார். அதே வாரம் எஞ்சினும் போனது.

இம்முறை கொகுரே ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடையை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முந்தைய இரு முறையும் அதை மண்ணெண்ணெயில் அலசி மாட்டியதோடு சரி. சேமியா போல ஒரு சாம்பல் இழை அதில் சுருண்டு அடைத்திருந்தது. பதினேழு மில்லிமீட்டர். அவர் இழுத்த பசைதான். மிஞ்சியது உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, அறுந்து, ஆயிலோடு போயிருக்கிறது.

"அந்தத் திருப்பமும் காரணந்தானே? சும்மா இருங்களேன்" என்றாள் ஃபுமியே.

"காரணந்தான். ஆனா அவரு அங்க மெதுவாத்தானே போயிருக்காரு."

மறுநாள், மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் மஞ்சூ பலகாரப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, இழையைச் சிறு குப்பியில் போட்டு, மொதேகியின் வயலுக்குப் போனார். நடந்ததைச் சொல்லித் தலை தாழ்த்தினார். மொதேகி குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம், மேஸ்திரி. அந்தத் திருப்பம் வந்தாலே உங்க மொகந்தான் ஞாபகம் வரும். கால எடுத்துருவேன்."

"மன்னிக்கணும்."

"எஞ்சின் குத்தம்னீங்களே?"

"அது மேலயும் இருக்கு. இது என் குத்தம்."

"பலகாரத்த எடுத்துட்டுப் போங்க."

பெட்டியை வாங்காத வாடிக்கையாளர் முன் கொகுரே இதற்குமுன் நின்றதில்லை.

கூலியில்லாமல் எஞ்சினைக் கட்டினார். பசை மூன்று மில்லிமீட்டர். வண்டியை லாரிக்காரர் வந்து எடுத்துப்போனார். அதில் கொகுரே ஒரு கடிதம் வைத்தனுப்பினார்: திருப்பத்தில் ஆயில் ஒதுங்குவதும் உண்மை. ஆனால் அதனால் எவ்வளவு கெட்டது, என்னால் எவ்வளவு கெட்டது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காலை எடுப்பதா வேண்டாமா என்பதை இனி நீங்களே முடிவு செய்யுங்கள்.

பதில் இல்லை. புத்தாண்டு வாழ்த்து அட்டையும் அந்த வருடம் வரவில்லை. கொகுரே படுத்த எஞ்சின்களையே தொடர்ந்து கழற்றினார். வேறு வேலைக்கு மாற அவரிடம் தெம்பு இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பழைய சீட்டுகளைப் புரட்டி, '5' என்று எழுதியிருந்த இருபத்தாறு வண்டிகளையும் ஒவ்வொன்றாக வரவழைத்து, சம்ப்பைத் திறந்து, சல்லடை பார்த்து, மறுபடி ஒட்டினார்.

பிறகு மொதேகியிடமிருந்து நான்கு வரி வந்தது. "திருப்பத்தில் காலை எடுக்கவில்லை. 1.1 வினாடி குறைந்தது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. இனிமேல் வேலைக்கு வேறு பட்டறை பார்த்துக்கொண்டேன்."

கொகுரே அதை நின்றபடியே படித்து, அந்த வண்டியின் சீட்டுகளோடு சேர்த்துக் கட்டினார். மொதேகியிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் அது. வந்து சேர்ந்த நாள் 2009 மே 28.