விரால் விடக் கூடாத ஏரி

இங்கே மனிதர்கள் ஏரியின் மேல் பனி தள்ளுகிறார்கள். வாசலில் தள்ளுவார்கள், காரைச் சுற்றித் தள்ளுவார்கள், அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் நியூ ஜெர்சியின் வடக்கு மலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காலை, காப்பியோடு ஜன்னலருகே நின்றபோது, எதிர்க்கரைக்காரர் டேல் உறைந்த ஏரியின் நடுவில் ஷவலை வைத்து நீளநீளமாகப் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். எங்கிருந்தும் தொடங்காமல், எங்கும் போய்ச் சேராமல் பட்டைபட்டையாக இருந்தன அவர் ஒதுக்கிய இடங்கள். என்னைப் பார்த்ததும் கையசைத்து, இன்னொரு ஷவலைத் தூக்கிக் காட்டினார். என் கரைப்பக்கமாகக் கையை நீட்டி ஏதோ சொன்னார். தனியாக இருக்கும் வயதான மனிதர், வந்துபோக ஒரு வழி கேட்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன். என் அறை வாசலிலிருந்து அவருடைய படித்துறை வரைக்கும் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு நூல் பிடித்த மாதிரி ஒரு பாதை போட்டுக் கொடுத்தேன். மதியம் போய்ச் சேர்ந்தபோது டேல் அதை மேலும் கீழும் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப்போய் சூப் கொடுத்தார். “நான் வழி கேட்கவில்லை, ஜன்னல் கேட்டேன்” என்றார்.

அவர் விளக்கியது எனக்குப் புதிதாக இருந்தது. ஏரி உறைவதால் மட்டும் மீன் சாவதில்லை. கண்ணாடி மாதிரி இருக்கும் வெறும் ஐஸ் வழியாக வெளிச்சம் இறங்கும், அடியிலிருக்கும் பாசியும் செடியும் காற்று விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் பனி படிந்து மூடினால்தான் உள்ளே இருட்டு. செடி செத்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் மிச்சமிருக்கும் காற்றையும் அது தின்றுவிடும். பெரிய, ஆழமான ஏரி தாங்கிக்கொள்ளும். மலைமேல் இருக்கும் இந்தச் சின்ன ஏரிகள் தாங்காது. மீன் குளிரில் விறைத்துச் சாவதில்லை, மூச்சுமுட்டிச் சாகிறது. இதற்கு ‘விண்டர்கில்’ என்று பெயர்.

நான் சிவகங்கைப் பக்கம். எங்கள் கண்மாயில் மீன் சாவது வெயிலில். சித்திரையில் தண்ணீர் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கும், ஊரே ஊத்தாக் கூடைகளோடு இறங்கிச் சேற்றைக் கலக்கும். பிடிபட்டது குழம்புக்கு. பிடிபடாத விரால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு, வாயால் காற்றைக் குடித்தபடி அடுத்த மழைவரை கிடக்கும். ஒரு ஏரியைக் காப்பாற்ற மனிதன் அதன் முதுகில் ஏறி வேலை செய்வதை நான் முதலில் பார்த்தது இங்கேதான். மறுநாளிலிருந்து நானும் டேலோடு பட்டை போட்டேன். ஆனால் அந்த வருடம் பனி நிற்காமல் கொட்டியது. நாங்கள் ஒதுக்கிய இடம் சாயங்காலத்துக்குள் மூடிக்கொள்ளும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். திருப்பூரில் துணி மடித்தேன், துபாயில் கம்பி கட்டினேன். நர்ஸாக இருக்கும் அக்கா போட்ட மனு பல வருடம் கழித்துப் பலித்து, கிரீன் கார்டோடு வந்து ஹூஸ்டனில் அரிசி மூட்டை இறக்கினேன், சான் ஹோசேயில் ஓட்டல் அடுப்படியில் நின்றேன். எங்கும் மூன்று வருடம் தாண்டியதில்லை. யாரும் துரத்தியதும் இல்லை, எனக்குத்தான் கால் நிற்காது. இதே நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் அக்கா போகும் சர்ச்சில் பழக்கமான சேவியர் அங்கிள் மருந்துக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று, இந்த மலையில் சில மரக் கேபின்களையும் அவற்றோடு சேர்ந்த ஏரியையும் வாங்கியிருந்தார். கோடையில் மீன் பிடிக்க வருகிறவர்கள் தங்கும் கேம்ப். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். வந்தேன்.

ஏப்ரலில் ஐஸ் உடைந்ததும் அங்கிளைக் கூப்பிட்டேன். கரை முழுக்க மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கிக் கிடந்தது. அங்கிள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்.

“சில் தாங்கல தம்பி. இந்த ஊர் மீனுக்கு ஸ்டாமினா பத்தாது.”

“சில் இல்ல அங்கிள். காத்து இல்லாம செத்திருக்கு. டேல் சொல்றாரு. அந்த ஏர் பம்ப்ப நாம ஆஃப் பண்ணியிருக்கக் கூடாதாம்.”

அங்கிள் நின்றார். கோடை முடிந்து கேம்பை மூடிய அன்று அவர் சொல்ல, ஏரிக்குள் காற்றை ஊதும் அந்தப் பம்பின் சுவிட்சை நான்தான் அணைத்தேன். குளிர்ந்த வீட்டுக்கு ஏசி போடுவது போலத்தான் எங்கள் இருவருக்கும் அது பட்டது.

“ஐஸ்பெட்டிக்குள்ள எவனாவது ஃபேன் போடுவானா தம்பி?” என்றார் மெதுவாக.

அன்று கேபினிலேயே உட்கார்ந்து சான் ஹோசேயில் இருக்கும் மகளிடம் ஸ்பீக்கரில் பேசினார். “மீன் இல்லன்னா கஸ்டமர் இல்லம்மா.” மறுமுனையில், “அப்பா, ஜஸ்ட் ஸெல் இட்” என்றது குரல். விற்றால் எனக்கும் அறை இல்லை. துணிகளைப் பையில் எடுத்து வைத்தேன். அதில் பெரிய துக்கமில்லை, அடுத்தது எந்த ஊர் என்ற யோசனைதான்.

ஆனால் அங்கிள் விற்கவில்லை. மீன் பண்ணையிலிருந்து லிண்டா என்ற பெண்ணை வரவழைத்தார். மீன் விடுவதற்கு முன் அவர் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், அரசாங்க அனுமதியும் வாங்க வேண்டும். லிண்டா படகில் போய்க் கருவியை இறக்கிப் பார்த்துவிட்டுக் கரையேறியதும், இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததை அங்கிள் ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார். எங்கள் ஊரில் ஒரு மீன் உண்டு, வெளிக்காற்றில் மூச்சு விடும், தண்ணீரே வற்றினாலும் சாகாது, அதை விட்டால் இந்தப் பிரச்சினையே வராதே என்றார். மகளின் பட்டமளிப்புப் படத்தைக் காட்டுவது போல் கைப்பேசியில் விரால் படத்தைக் காட்டினார்.

லிண்டாவின் முகம் மாறியது. “ஸ்நேக்ஹெட். இது இங்கே இருக்கிறதா?”

அவருக்கு ஆசை வந்துவிட்டது என்று அங்கிள் நினைத்தார். “நிறைய இருக்கிறது. கேபினில்தான். வேண்டுமா?”

லிண்டா கருவிகளை வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். இனி இந்த ஏரியில் தன் கையால் ஒரு மீன்கூட விட மாட்டேன், இன்றைக்கே மேலே சொல்லியாக வேண்டும் என்றார். அங்கிளுக்கு எதுவும் பிடிபடவில்லை.

“என்னடா தம்பி, கோவிச்சுக்கிட்டாங்க?”

“நீங்க உயிரோட வச்சிருக்கீங்கன்னு நினைக்கிறாங்க அங்கிள்.”

நான் லிண்டாவைக் கெஞ்சி, கேபின் அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஃப்ரீசரைத் திறந்தேன். இந்தியக் கடையில் வாங்கிய பொட்டலங்கள், துண்டு போட்ட விரால். லிண்டா ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசையில் தட்டினார். கல் மாதிரி சத்தம் வந்தது.

“செத்திருக்கிறது. மிக நல்லது” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம்தான் சிரித்தார்.

அந்த மீனை இந்த நாட்டு நீரில் விட்டால் இருக்கும் மீனையெல்லாம் தின்றுவிடும், உயிரோடு வைத்திருப்பதே இங்கே குற்றம் என்றார். எனக்கு ஒரு சந்தேகம். அவ்வளவு கெட்டி மீன் என்றால் இந்தக் குளிரையும் தாங்குமா? லிண்டா யோசித்துச் சொன்னார். சீனப் பக்கத்துக் குளிர்நாட்டு ஜாதி ஒன்று தாங்கும், பயமே அதைப் பற்றித்தான். உங்களுடையது வெயில் ஊர் ஜாதி, குளிரே அதைக் கொன்றுவிடும். குளிரைத் தாண்டினாலும், அது மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும், ஐஸ் மூடிய ஏரியில் எங்கே வரும்? எந்த மூச்சு அதை எங்கள் சேற்றில் காப்பாற்றுமோ, அதனாலேயே இங்கே அது முதலில் சாகும். இதை நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லிண்டா இரண்டு வழி சொன்னார். வளர்ந்த ட்ரவுட் மீனை விட்டால் இந்தக் கோடைக்கே தூண்டிலில் விழும், அடுத்த குளிருக்கு மிஞ்சாது, வருடாவருடம் விட வேண்டும். பெர்ச் குஞ்சு விட்டால் அது வளர்ந்து தானே பெருகும், ஆனால் மூன்று வருடம் ஆகும். அந்த மூன்று குளிரிலும் பம்பு ஓட வேண்டும், பனி தள்ள இங்கேயே ஆள் இருக்க வேண்டும்.

அங்கிள் என்னைப் பார்த்தார். “சாகப்போற மீனை விட எனக்கு மனசு வரல தம்பி. ஆனா டேலுக்கு வயசாச்சு, எனக்கு முட்டி வலி. நீ இருப்பியா? உன் அக்கா சொல்லியிருக்கு, நீ எங்கயும் நிக்க மாட்டேன்னு.”

“முதல்ல குஞ்சு எப்படி இருக்குன்னு பாக்குறேன் அங்கிள்” என்றேன். அதைப் பதிலாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

மே மாதம் அனுமதி வந்ததும் பெர்ச் குஞ்சுகள் பிளாஸ்டிக் பைகளில் வந்து இறங்கின. பச்சை மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு, விரல் நீளம். நான் பையை அவிழ்க்கப் போனேன். லிண்டா தடுத்து, பைகளைக் கட்டியபடியே ஏரியில் மிதக்கவிட்டார். உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். பிறகு ஏரித் தண்ணீரை ஒரு கோப்பை, இன்னொரு கோப்பை என்று பைக்குள் ஊற்றினார்.

“ஊத்திரலாமே தம்பி, பாவம் அடைபட்டுக் கிடக்கு” என்று கரையில் தவித்தார் அங்கிள்.

நான் முழங்கால் தண்ணீரில் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹூஸ்டனில் இறங்கிய அன்றைக்கே என்னை அரிசி லாரிக்குக் கூட்டிப்போனார்கள், அதிலும் பிழைத்துத்தான் வந்தேன். ஆனால் இப்படியும் ஒரு முறை இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நன்றாக இருந்தது. பையின் வாயைத் திறந்தபோது குஞ்சுகள் உடனே ஓடவில்லை. கொஞ்ச நேரம் வாயிலேயே நின்று பார்த்துவிட்டு, ஒன்று போக மற்றவை போயின.

அந்தக் கோடை கேம்புக்கு வந்தவர்கள் படகோட்டினார்கள், பார்பெக்யூ போட்டார்கள், மீன் எங்கே என்று கேட்டார்கள். வளர்கிறது என்றோம். பிறகு மறுபடி பனி வந்தது. ஏரியின் மறுகோடியில் பம்பு ஓடி ஒரு வட்டத்துக்கு ஐஸ் பிடிக்காமல் வைத்திருந்தது. யாரும் அங்கே போய் விழுந்துவிடாமல் டேல் சிவப்புக் கொடி நட்டார். அக்கா போன் செய்தாள்.

“டேய், கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போறோம். உனக்கும் டிக்கெட் போடவா?”

“பனி விழுதுக்கா. ஏரியத் தள்ளணும்.”

“ஏரியத் தள்ளணுமா? எங்க தள்ளுவ?”

சொன்னேன். கேட்டுவிட்டு, “எந்த ஊர்லயும் நிக்காதவன், தண்ணி மேல போய் நிக்கிறான்” என்றாள்.

ஊருக்குப் போய் ஒரு வீடியோ அனுப்பினாள். கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் விழுகிறது, பையன்கள் கத்துகிறார்கள், புல்லில் ஒரு விரால் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நான் அப்போது ஏரியின் நடுவில், தள்ளி முடித்த பட்டையில் மண்டியிட்டிருந்தேன். கைப்பேசியை ஐஸின்மேல் வைத்துவிட்டுப் பார்த்தேன். கலுங்குச் சத்தம் அந்த வெள்ளைவெளியில் வெகுதூரம் கேட்டது. விரால் நான்காவது முறை வாயைத் திறந்தபோது குளிரில் கைப்பேசி அணைந்துபோனது. அதன் கறுப்பும் அதைச் சுற்றியிருந்த ஐஸின் கறுப்பும் ஒன்றுபோல இருந்தன. ஒன்றில் என் முகம் தெரிந்தது. மற்றதில், அடியில், கோடு போட்ட சின்ன உடம்பு ஒன்று வெளிச்சத்துக்குள் வந்து நின்று, திரும்பிப் போனது. மறுபடி பனி விழ ஆரம்பித்தது, இரண்டின் மேலும். நான் முதலில் ஏரியைத் துடைத்தேன்.